கடாரம் கொண்டானும் நக்கவாரத் தீவும்

நம் விடுதியில் அந்தமானிலிருந்து வந்து படிக்கும் மாணவர் யாரேனும் இருந்தால், அவரிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். உங்கள் ஊரில் வெங்காயம் என்ன விலை என்று கேளுங்கள். அவர் உடனே விலை சொல்லமாட்டார். கப்பல் வந்துவிட்டதா, இன்னும் வரவில்லையா என்று நம்மையே திருப்பிக் கேட்பார். தீவில் வாழ்வோர்க்குக் கப்பல்தான் சந்தை, கப்பல்தான் களஞ்சியம். அரிசியும் பருப்பும், எண்ணெயும் சிமெண்டும், காய்ச்சலுக்கு மருந்தும், படிக்கும் பிள்ளைக்கு நோட்டுப் புத்தகமும் பெரும்பாலும் சென்னையிலிருந்தோ கொல்கத்தாவிலிருந்தோ விசாகப்பட்டினத்திலிருந்தோ கடல் தாண்டி வரவேண்டும். சென்னைக்கும் போர்ட் பிளேருக்கும் இடையே ஏறத்தாழ 1,350 கிலோமீட்டர் கடல் கிடக்கிறது. 2024 செப்டம்பரில் அந்நகருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள். பெயர் மாறியது, கடலின் அகலம் மாறவில்லை.

ஒரு பொருள் விளைகிற இடத்திலிருந்து வேண்டுகிறவன் கைக்கு வந்து சேரும்வரை உள்ள வழி முழுவதையும் ஒரே சங்கிலியாகக் கண்டு, அதன் கண்ணி ஒவ்வொன்றையும் பேணுவதை வணிகவியலார் வழங்கல் சங்கிலி மேலாண்மை என்கின்றனர். பாடத்திட்டத்தில் அது புதிய பெயர். தொழிலோ மிகப் பழையது. எவ்வளவு வேண்டும், எங்கே கிடைக்கும், எதில் அளப்பது, எங்கே சேர்த்து வைப்பது, எந்த வழியில் எப்போது அனுப்புவது, வழியில் யாரை நம்புவது என்னும் இந்த ஆறு கேள்விகளுக்கும் விடை கண்டவன் வென்றான். காணாதவன் பட்டினி கிடந்தான்.

இந்தக் கேள்விகளை மனத்தில் வைத்துக்கொண்டு, நாம் பள்ளிப் பருவத்திலிருந்து அறிந்த ஒரு மன்னனின் வாழ்க்கையை இன்னொரு முறை பார்ப்போம். அவன்தான் முதலாம் இராசேந்திர சோழன். கங்கை கொண்டான், கடாரம் கொண்டான் என்று அவன் கொண்டவற்றையெல்லாம் பட்டியலிட்டுப் படித்தோம். தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கினோம். ஆனால் அந்தப் படைகளுக்குப் பின்னால் போன அரிசி மூட்டையையும் தண்ணீர்ச் சாலையும் யார் நினைத்தோம்? கடாரத்துக்குப் போகும் வழியில் நிற்கும் நக்கவாரம் என்னும் சிறு தீவை யார் எண்ணிப் பார்த்தோம்?

தந்தையின் பள்ளி

இராசேந்திரன், இராசராசனுக்கும் வானவன் மாதேவிக்கும் பிறந்தவன். பிறந்த நாள் திருவாதிரை. இளமைப் பெயர் மதுராந்தகன். வாள் பயின்றதும் யானை ஏறியதும் எல்லா அரசகுமாரர்க்கும் உள்ளவை. இவனுக்கு வாய்த்த தனிப்பேறு, தந்தையின் அரசாங்கமே ஒரு பள்ளியாக அமைந்ததுதான்.

அந்தப் பள்ளியின் பெரிய பாடநூல் தஞ்சைப் பெரிய கோயில். 1010-இல் நிறைவுற்ற அக்கோயிலின் விமானத்தை அண்ணாந்து பார்த்து வியப்பவர் பலர். குனிந்து அடிச்சுவரின் எழுத்துகளைப் படிப்பவர் சிலர். அங்கே இருப்பது பெரும்பாலும் கணக்கு. எந்த ஊர் எவ்வளவு நெல் அளக்கவேண்டும், எந்த ஊர்ச் சபை எவ்வளவு வட்டி கட்டவேண்டும், எந்த விளக்குக்கு எவன் நெய் கொடுக்கவேண்டும் என்று ஊர் பெயரோடும் ஆள் பெயரோடும் வெட்டி வைத்திருக்கிறார்கள்.

ஒரு நந்தா விளக்கை எடுத்துக்கொள்வோம். அது இரவும் பகலும் எரியவேண்டுமானால் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் வேண்டும். அதற்காக 96 ஆடுகளை ஓர் இடையனிடம் ஒப்படைப்பார்கள். அவன் நாள்தோறும் உழக்கு நெய் கோயிலுக்கு அளக்கவேண்டும். கிழடாகிச் சாகும் ஆட்டின் இடத்தைக் குட்டி வளர்ந்து நிரப்பும். ஆகவே அவற்றைச் சாவா மூவாப் பேராடு என்றார்கள். மாணவர்களே, இந்த ஏற்பாட்டைச் சற்று உற்றுப் பாருங்கள். தேவை இவ்வளவு என்று முதலில் அறிந்தார்கள். அதற்கு எவ்வளவு மூலதனம் வேண்டும் என்று கணக்கிட்டார்கள். அந்த மூலதனம் தேயாமல் தானே வளர வழி செய்தார்கள். பொறுப்பை இன்னான் என்று ஒருவன் பெயரில் எழுதினார்கள். அந்த நான்கில் ஒன்று குறைந்தாலும் விளக்கு அணைந்திருக்கும்.

அளவையிலும் அப்படித்தான். கோயிலில் நெல் அளக்க ஆடவல்லான் என்னும் மரக்கால் இருந்தது. அது இராசகேசரி என்னும் அரசு மரக்காலுக்கு ஒத்தது என்று கல்லிலேயே எழுதினார்கள். ஏன்? ஊருக்கு ஒரு மரக்கால் இருந்தால் அனுப்பியவன் கணக்கும் வாங்கியவன் கணக்கும் ஒருநாளும் ஒட்டா. அனுப்பியவன் நூறு என்பான். வாங்கியவன் தொண்ணூறு என்பான். நடுவில் வண்டிக்காரன் திருடன் ஆவான். ஒரே அளவை என்பது சங்கிலியின் முதற் கண்ணி.

இத்தகைய ஆட்சியில் வளர்ந்த இளவரசன் மேலைச் சாளுக்கியரோடு நடந்த போரில் படை நடத்திப் பழகினான். 1012-இல் இளவரசுப் பட்டம் பெற்றுத் தந்தையோடு சேர்ந்து ஆளத் தொடங்கினான். 1014-இல் தந்தை மறைந்தபின் சோழநாடு முழுவதும் அவன் தோளில் ஏறியது.

நெல்லும் நாழியும்

அரியணை ஏறிய சில ஆண்டுகளில் ஈழம் முழுவதையும் வென்றான். அதன் மன்னன் ஐந்தாம் மகிந்தனைச் சிறைப்பிடித்துச் சோழநாட்டுக்குக் கொண்டுவந்தான். பாண்டியர் ஒரு காலத்தில் அங்கே அடைக்கலமாக வைத்த மணிமுடியும் கைப்பற்றப்பட்டது. இதை நம் மெய்க்கீர்த்தி பெருமையோடு பாடும். ஈழத்து நூலோ விகாரைகள் சூறையாடப்பட்டதை வேதனையோடு எழுதி வைத்திருக்கிறது. இரண்டும் வரலாறுதான். இரண்டையும் படிப்பவனே வரலாற்று மாணவன்.

பின்னர் முசங்கியில் சாளுக்கியன் சயசிம்மனோடு போர். அதன்பின் 1022, 1023-ஐ ஒட்டி வடக்கே கங்கைவரை படை சென்றது. படைத்தலைவன் முன்னே போக, மன்னன் கோதாவரிக் கரைவரை சென்று அதனை எதிர்கொண்டான். ஆறுகளைக் கடக்க யானைகளையே பாலமாக நிறுத்தினர் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு கூறும். கங்கை நீர் குடங்களில் வந்தது. கங்கைகொண்ட சோழபுரம் எழுந்தது. நகரின் அருகே சோழகங்கம் என்னும் பேரேரி வெட்டப்பட்டது; அந்த ஏரியை நீர்மயமான வெற்றித்தூண் என்று செப்பேடு போற்றுகிறது. கல்லில் தூண் நாட்டுவோர் பலர் உண்டு. தண்ணீரில் தூண் நாட்டியவன் இவன். ஒரு தலைநகரம் நிற்க அரண்மனை போதாது, ஊருணியும் வாய்க்காலும் வேண்டும் என்று தெரிந்தவன் செய்த வேலை அது.

அவன் காலத்து இன்னொரு கல்வெட்டு மாணவர்களாகிய நமக்கு மிகவும் நெருக்கமானது. இன்றைய விழுப்புரம் மாவட்டத்து எண்ணாயிரத்தில் ஒரு கல்லூரி நடந்தது. இளநிலை மாணவர் 270 பேர். மேனிலை மாணவர் 70 பேர். ஆசிரியர் 14 பேர். இவர்களுக்காக 45 வேலி நிலம் ஒதுக்கினார்கள். இளநிலை மாணவனுக்கு நாளொன்றுக்கு 6 நாழி நெல். மேனிலை மாணவனுக்கு ஒரு குறுணி 2 நாழி, அதாவது 10 நாழி. கூட்டிப் பாருங்கள். இளையவர்க்கு 1,620 நாழி, மூத்தவர்க்கு 700 நாழி, ஆக 2,320 நாழி. எட்டு நாழி ஒரு குறுணி, பன்னிரண்டு குறுணி ஒரு கலம் என்ற கணக்கில், மாணவர்க்கு மட்டுமே நாள்தோறும் 24 கலம் 2 குறுணி நெல் வந்தாகவேண்டும். ஆசிரியர் பங்கு இதற்கு மேல்.

நம் விடுதிச் சாப்பாட்டைப் பற்றி நாம் என்னென்னவோ பேசுகிறோம். குழம்பில் பருப்பைத் தேடுகிறோம். கண்காணிப்பாளரைக் குறை சொல்கிறோம். பேசலாம், உரிமை உண்டு. ஆனால் முந்நூற்று நாற்பது பேருக்கு ஆண்டு முழுவதும், மழை பெய்தாலும் பொய்த்தாலும், நாழி குறையாமல் நெல் கொடுப்பது எளிய வேலையா? முதல் நாளே தேவையை எண்ணி, அதற்குரிய நிலத்தைக் கணக்கிட்டு ஒதுக்கி, ஒவ்வொருவர் பங்கையும் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். அறிவை வளர்க்க வேண்டுமென்றால் முதலில் உலை கொதிக்கவேண்டும் என்பதை அந்த அரசு அறிந்திருந்தது.

காற்றும் கடலும்

தரையில் இவ்வளவு கணக்குப் பார்த்தவன் கடலுக்குத் திரும்பினான்.

அன்று கீழைக்கடல் வாணிகத்தின் இரு முனைகள் தமிழகமும் சீனமும். முத்தும் தந்தமும் துணியும் நறும்பொருளும் இங்கிருந்து போயின. பட்டும் பீங்கானும் அங்கிருந்து வந்தன. கருப்பூரம் சுமத்திராவிலிருந்து வந்தது. இந்த வழியின் நடுவில், மலாக்கா நீரிணையின் இருபுறமும், ஸ்ரீவிசயப் பேரரசு கதவுக்காரனைப்போல் உட்கார்ந்திருந்தது. கடாரம் அதன் பெருந்துறை. இன்றைய மலேசியாவின் கெடா.

தொடக்கத்தில் அந்த அரசோடு நட்புத்தான். ஸ்ரீவிசய மன்னர் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் எடுத்தார்கள். இராசராசன் அதற்கு ஆனைமங்கலம் என்னும் ஊரைக் கொடுத்தான். தந்தை சொன்ன கொடையைச் செப்பேட்டில் பொறித்து நிலைநிறுத்தியவன் இராசேந்திரனே. சோழத் தூதர் 1015-இல் சீனப் பேரரசரின் அவையை அடைந்தனர். சீனக் குறிப்பின்படி அந்தப் பயணம் 1,150 நாள் பிடித்தது. மூன்று ஆண்டுக்கும் மேல்! துறைதோறும் காத்திருக்கவேண்டும், காற்று மாறவேண்டும், நடுவில் இருப்பவன் விடவேண்டும். சங்கிலியின் நடுக்கண்ணி ஒருவன் கையில் மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்பதை அந்த எண் ஒன்றே சொல்லிவிடும். சீன வாணிகத்தின் இந்த இடைத்தடையே பின்னால் போருக்குக் காரணமாயிற்று என்று வரலாற்றாசிரியர் பலர் கருதுகின்றனர்.

கடல்வழி வாணிகத்துக்குக் காற்றுதான் கால அட்டவணை. தென்மேற்குப் பருவக்காற்று பாயை நிரப்பிக் கிழக்கே தள்ளும்; வடகிழக்குப் பருவக்காற்று வீட்டுக்குத் திருப்பி அனுப்பும். பருவம் தவறினால் பணம் கொடுத்தும் காற்றை வாங்க முடியாது. ஆகவே சரக்கு, ஆள், கலம் மூன்றும் ஒரே நாளில் துறையில் ஆயத்தமாக நிற்கவேண்டும். ஒன்று வந்து மற்றொன்று வராவிட்டால் ஓர் ஆண்டே போயிற்று.

இனி ஒரு சிறு கணக்குப் போடுவோம். நாகப்பட்டினத்திலிருந்து கார் நிக்கோபார் தீவுவரை ஏறத்தாழ 1,400 கிலோமீட்டர்; அங்கிருந்து கடாரக் கரை ஏறத்தாழ இன்னுமொரு 900 கிலோமீட்டர். கணக்குக்காக, ஆயிரம் பேர் முப்பது நாள் கடலில் போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். குடிக்கவும் சமைக்கவும் ஒருவனுக்கு நாளொன்றுக்கு நான்கு லிட்டர் தண்ணீர் என்றால், 1,20,000 லிட்டர். எடையில் 120 டன். சுற்றிலும் கடல், குடிக்க ஒரு சொட்டு இல்லை. இந்தத் தண்ணீரைச் சுமப்பதற்கே பல கலங்கள் வேண்டும். அந்தக் கலங்களை ஓட்டுபவர்க்கும் தண்ணீர் வேண்டும்!

ஆனால் வழியில் ஓரிடத்தில் சால்களை மீண்டும் நிரப்பலாம் என்றால்? சுமையில் பெரும்பகுதி அப்போதே இறங்கிவிடும். அந்த இடத்தில் அரிசி ஏற்றலாம், ஆள் ஏற்றலாம், திரும்பும்போது சரக்கு ஏற்றலாம். வழியிடைக் களஞ்சியம் என்று வணிகவியல் சொல்வதன் பொருள் இதுதான். அந்த ஓரிடம் எது? வங்கக் கடலுக்குக் குறுக்கே, இன்றைய பத்துப் பாகைக் கால்வாய்க்குத் தெற்கே, தென்னஞ்சோலையோடு நிற்கும் நிக்கோபார்த் தீவுகள். அன்றைய தமிழர் நாவில் அவற்றின் பெயர் நக்கவாரம்.

தேன் சோலைத் தீவு

இராசேந்திரனுக்கு ஏறத்தாழ 350 ஆண்டு முன்பு, 673-ஐ ஒட்டி, ஈ-சிங் என்னும் சீனத் துறவி கடாரத்திலிருந்து கலமேறி வடக்கே பத்து நாளுக்கு மேல் பயணம் செய்து ஒரு தீவை அடைந்தார். அதனை ஆடையில்லாதார் நாடு என்று குறித்தார். அறிஞர்கள் அதை நிக்கோபார் என்று கொள்வர். கலத்தைக் கண்டதும் நூற்றுக்கு மேற்பட்ட சிறு தோணிகளில் தீவு மக்கள் தேங்காயும் வாழைப்பழமும் பிரம்பு, மூங்கில் பொருள்களும் கொண்டு ஓடி வந்தார்களாம். அவர்கள் கேட்டது பொன்னன்று, துணியன்று, இரும்பு மட்டுமே. இரண்டு விரல் அளவு இரும்புத் துண்டுக்கு ஐந்து முதல் பத்துத் தேங்காய் கிடைத்தது. 851-இல் எழுதப்பட்ட அரபு வணிகக் குறிப்பும் இதையே சொல்கிறது. அதில் தீவின் பெயர் லங்கபாலூசு. அங்கும் கொடுத்தது தேங்காயும் ஓர்க்கோலையும், வாங்கியது இரும்பு.

எவ்வளவு அழகான சந்தை! தீவில் இரும்பு இல்லை. கலத்தில் இளநீர் இல்லை. ஒருவனுக்கு மிகுதியானது மற்றொருவனுக்கு உயிர். தேங்காய் உணவும் ஆகும், குடிநீரும் ஆகும், பல நாள் கெடாமலும் இருக்கும். கடலோடிக்கு அதைவிடச் சிறந்த பொதி எது? காசு என்பதையே அறியாத அந்த மக்கள் ஆசியாவின் மிகப் பெரிய வணிகப் பாதையில் ஒரு கண்ணியைத் தாங்கி நின்றார்கள்.

1025-இல் இராசேந்திரனின் கடற்படை கீழைக்கடலைக் கடந்தது. ஸ்ரீவிசய மன்னன் சங்கிராம விசயோத்துங்கவர்மன் பிடிபட்டான். அவன் யானைகளும் குவித்து வைத்த செல்வமும் வித்தியாதர தோரணம் என்னும் அணிவாயிலும் சோழன் கைக்கு வந்தன. 1030-ஐ ஒட்டித் தஞ்சைக் கோயிலில் வெட்டிய மெய்க்கீர்த்தி, வென்ற ஊர்களை வரிசையாகச் சொல்லும். பதின்மூன்று பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் ஓர் அடைமொழி. ஓர் ஊருக்கு மதில், ஓர் ஊருக்கு மலைக்கோட்டை, ஓர் ஊருக்கு ஆழ்கடலே அகழி, ஓர் ஊருக்குப் போர்வன்மை. வரிசையின் முடிவில் கடாரம். அதற்கு முந்திய பெயர் நக்கவாரம். அதற்கு மதில் சொல்லவில்லை, படை சொல்லவில்லை. தேன் பொருந்திய சோலைகளை மட்டும் சொல்லி நிறுத்தினான் கல்வெட்டுப் புலவன்.

தேனும் சோலையும் உடைய தீவைப் பேரரசுகளின் கோட்டைகளோடு ஒரே பட்டியலில் ஏன் வைத்தார்கள்? வெல்லக் கடினமான இடமென்று வைத்திருக்க முடியாது. விட்டுவிட முடியாத இடமென்றே வைத்திருக்கவேண்டும். கோட்டையைச் சுற்றிக்கொண்டு போகலாம். தண்ணீரைச் சுற்றிக்கொண்டு போக முடியாது. வரைபடத்தில் புள்ளி அளவாக இருக்கும் ஓரிடம் வழியில் மலையளவு பெரியதாகிவிடும். சங்கிலியின் வலிமையை அதன் மிகச் சிறிய கண்ணியில்தான் அளக்கவேண்டும்.

வாளுக்குப் பின் வந்தவர்

இந்த வெற்றியால் கிடைத்தது என்ன? இங்கேதான் நாம் நேர்மையோடு பேசவேண்டும். கடாரம் கொண்டான் என்ற பட்டம் கிடைத்தது, செல்வம் கிடைத்தது, அச்சம் பரவியது. ஆனால் கடாரத்தில் சோழ அதிகாரி அமர்ந்து நாடாளவில்லை. நாற்பது ஆண்டு கழிந்தபின் அவன் மகன் வீரராசேந்திரன் மீண்டும் கடாரத்துக்குப் படை அனுப்ப நேர்ந்தது. வென்ற நாட்டை அதன் மன்னனுக்கே திருப்பிக் கொடுத்தான். கதவை உடைத்துத் திறந்தால், ஒவ்வொரு முறையும் உடைத்துக்கொண்டேதான் இருக்கவேண்டும்.

நிலையாக நின்றவர்கள் வேறு சிலர். அவர்கள் வாளோடு போகவில்லை, தராசோடு போனார்கள். இராசேந்திரன் பிறப்பதற்கு முன்பே, ஒன்பதாம் நூற்றாண்டில், மலாய்த் தீபகற்பத்தின் மேலைக்கரையில், இன்றைய தாய்லாந்தின் தக்குவா பாவில், ஒரு தமிழ்க் கல்வெட்டு நின்றது. அது ஒரு குளத்தைப் பற்றியது. அக்குளத்தின் பெயர் அவனிநாரணம். பல்லவன் மூன்றாம் நந்திவர்மனின் பட்டப்பெயர். அதைக் காக்கும் பொறுப்பை மணிக்கிராமத்து வணிகரிடமும் மற்றோரிடமும் ஒப்படைத்தார்கள். பிறர் நாட்டுக் கரையில் இறங்கிய தமிழ் வணிகர் முதலில் பேணிய பொருள் என்ன பார்த்தீர்களா? தண்ணீர்!

இராசேந்திரனுக்குப் பின்னும் அந்த மரபு அறவில்லை. 1088-இல் சுமத்திராவின் மேலைக்கரையில், கருப்பூரத்துக்குப் பேர்போன பரூசில், திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர் தமிழில் கல்வெட்டு நாட்டினர். அங்கே வரும் மரக்கல நாயகர்கள் கஸ்தூரியின் விலையை அளவாகக் கொண்டு பொன்னில் கட்டணம் செலுத்தவேண்டும் என்று விதித்தனர். ஒரே விதி, எல்லோரும் அறிய, கல்லில். தஞ்சையில் ஆடவல்லான் மரக்கால் செய்த வேலையை இங்கே ஒரு விதி செய்தது. 1090-இல் முதலாம் குலோத்துங்கன், கடாரத்து மன்னன் வேண்டியபடி, நாகப்பட்டினத்து விகாரத்தின் உரிமைகளை மீண்டும் உறுதி செய்தான். பகை போயிற்று, வழக்கம் மீண்டது. போர் முடிந்து அறுபத்தைந்து ஆண்டில், அந்தப் போரையே மறந்ததுபோல், கலங்கள் போய் வந்தன.

இராசேந்திரனும் இதனை உணராதவன் அல்லன். போருக்குப் பின் 1033-இல் அவனுடைய தூதர் மீண்டும் சீனம் சென்றனர். வென்றவன் வாளை உறையிலிட்டு, விற்பவனாகவும் வாங்குபவனாகவும் அயலவன் வாயிலில் நின்றான். அதுவே அவன் கொண்ட வெற்றிகளில் அறிவுமிக்கது என்பேன்.

தண்ணீர்ப் பந்தல்

முப்பது ஆண்டு தனி ஆட்சி செய்தபின் 1044-இல் இராசேந்திரன் மறைந்தான். காஞ்சிபுரத்தை அடுத்த பிரமதேசத்தில் அவன் வாழ்வு முடிந்தது. அவன் தேவியருள் ஒருத்தியான வீரமாதேவி அவனோடு உயிர் துறந்தாள். அவள் உடன்பிறந்தான், அவள் நினைவாக, அவ்வூரில் ஓர் அறம் நிறுவினான். கோயில் கோபுரமோ பொற்சிலையோ அன்று. வழிப்போக்கர் தாகம் தீர ஒரு தண்ணீர்ப் பந்தல்.

ஈழமும் கங்கையும் கடாரமும் கண்ட ஒரு பெருவாழ்வின் ஓரத்தில் கடைசியாக நிற்பது ஒரு பானைத் தண்ணீர். எண்ணிப் பார்த்தால் அவன் வாழ்வு முழுவதும் தண்ணீரே ஓடுகிறது. குடத்தில் வந்த கங்கை, ஏரியாக நின்ற சோழகங்கம், கலங்களில் ஏறிய குடிநீர்ச் சால், நடுக்கடலில் நக்கவாரத்து இளநீர். வழியில் நிற்பவனுக்குத் தண்ணீர் கொடுப்பதுதான் எல்லா வழங்கலுக்கும் தாய். மற்றவையெல்லாம் அதன் விரிவுரை.

நமக்கு

இன்று கலம் மாறிவிட்டது. காற்றை நம்பிய பாய் போய் எஞ்சின் வந்துவிட்டது. ஆனால் ஆறு கேள்விகள் மாறவில்லை. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை நிக்கோபார்த் தீவுகளைத் தாக்கியபோது உயிர்கள் போயின, ஊர்கள் போயின, அவற்றோடு இறங்குதுறைகள் பலவும் உடைந்தன. கப்பலில் அரிசி இருந்தும் கரையில் இறக்க இடமில்லையென்றால் அந்த அரிசி யாருக்கு? பெரிய கப்பல் வாங்குவது எளிது. சிறிய துறையைப் பேணுவது கடினம். நக்கவாரம் சொன்ன பழைய பாடம் மறுபடியும் கண்ணீரில் எழுதப்பட்டது.

அதே தீவுகளின் தென்கோடியில், கிரேட் நிக்கோபாரின் கலத்தியா விரிகுடாவில், பெருங்கப்பல்கள் சரக்கு மாற்றும் துறைமுகம் அமைக்க அரசு திட்டமிட்டிருக்கிறது. நம் நாட்டுச் சரக்குப் பெட்டிகள் கொழும்பிலும் சிங்கப்பூரிலும் கப்பல் மாறுகின்றன. அந்த வேலையை நம் தீவிலேயே செய்யலாம் என்பது திட்டத்தார் கருத்து. அங்கே வாழும் நிக்கோபாரியரும் ஷோம்பென் மக்களும் என்ன ஆவர், கரையேறி முட்டையிடும் பெருங்கடலாமைகளும் மழைக்காடும் என்ன ஆகும் என்பது மறுப்பவர் கேள்வி. இரு தரப்பையும் நாம் படிக்கவேண்டும். படிக்கும்போது ஒன்றை மறக்கவேண்டாம். ஈ-சிங் வந்த நாளில் தோணி ஏறி எதிர்கொண்டு வந்து, தேங்காயைக் காட்டி இரும்பைக் கேட்டு, தம் விலையைத் தாமே சொன்னவர்கள் அந்தத் தீவு மக்கள். அவர்களைக் கேட்காமல் போடும் கணக்கு, ஆடவல்லான் மரக்காலில் அளந்த கணக்கு ஆகாது.

தோழர்களே! நம்மில் சிலர் நாளை வணிக நிறுவனங்களில் பணியாற்றுவோம். சிலர் துறைமுகத்தில், சிலர் அரசு அலுவலகத்தில், சிலர் சொந்தக் கடையில். எங்கே இருந்தாலும் நம் மேசைக்கு ஒரு காகிதம் வரும். அதில் ஒரு தீவின் பெயரோ ஒரு குக்கிராமத்தின் பெயரோ இருக்கும். அளவு சிறியது, இலாபம் குறைவு, அடுத்த கப்பலில் பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றும். அப்போது தஞ்சைச் சுவரில் கடாரத்தின் பக்கத்திலேயே இடம்பெற்ற அந்தச் சிறு தீவை நினைத்துக்கொள்வோம். அந்தக் காகிதத்தை அன்றே கையெழுத்திட்டு அனுப்புவோம். அந்தக் கப்பலை எதிர்பார்த்துக் கரையில் யாரோ ஒருவர் நின்றுகொண்டிருக்கிறார்.